மாஸ்டரின் வலது கால்

செருப்பு தைப்பவர்தான் முதலில் கண்டுபிடித்தார். மாஸ்டரின் வலது செருப்பு தேய்ந்து காகிதமாகிவிடும்போது, இடது செருப்பு கடையில் வாங்கிய மெருகு குலையாமல் அப்படியே இருக்கும்.

“ஏன் சார், வெளிய கிளம்பும்போது இடது காலை வீட்டுலயே வெச்சுட்டு வந்துடுவீங்களா?” என்று கேட்டார் அவர்.

மாஸ்டர் சிரிக்கவில்லை. தொழில் சம்பந்தமான விஷயங்களில் அவர் சிரிப்பதில்லை.

மாஸ்டர் நடத்துவது டிரைவிங் ஸ்கூல். ஒரு அறை, ஒரு மேஜை, சாலைக் குறியீடுகள் அச்சிட்ட பெரிய படம் ஒன்று, வாசலில் ஒரு கார். பள்ளிக்கூடம் மொத்தமும் அவ்வளவுதான். காரில் ஓட்டப் பழகுகிறவருக்கு ஸ்டீயரிங், கியர், கிளட்ச், ஹார்ன் என்று ஏகப்பட்ட சொத்து உண்டு. பக்கத்து இருக்கையில் உட்காரும் மாஸ்டருக்கு ஒன்றே ஒன்று: அவருடைய காலடியில் முளைத்திருக்கும் இரண்டாவது பிரேக். ஓட்டுகிறவர் பிரேக்கை மறந்தாலோ, பிரேக் என்று நினைத்து ஆக்சிலேட்டரை மிதித்தாலோ, ஸ்டீயரிங்கைக் கைவிட்டுக் கண்ணைப் பொத்திக்கொண்டாலோ (அப்படியும் ஆட்கள் உண்டு) மாஸ்டர் தன் பக்கத்துப் பிரேக்கை மிதிப்பார். இங்கே மிதித்தால் அங்கே பிடிக்கும். வண்டி நிற்கும். எதிரே வந்த ஆடு, ஆள், மின்கம்பம் எல்லாம் பிழைக்கும்.

இப்படி ஊரை நிறுத்தி நிறுத்தியே பழகிய கால், வண்டியை விட்டு இறங்கினாலும் வேலையை விட்டு இறங்குவதில்லை. முடிதிருத்தும் கடையில் கத்தி காதோரம் வரும்போது மிதிக்கும். சினிமாவில் கதாநாயகன் மலைச்சரிவில் காரை விரட்டும்போது முன்வரிசைக்காரரின் முதுகை மிதிக்கும். வீட்டு சோபாவில் உட்கார்ந்து டிவி பார்க்கையில், செய்தி வாசிப்பவர் கொஞ்சம் வேகம் எடுத்தால் தரையை மிதிக்கும். மனைவியின் பேச்சு மூன்றாவது கியருக்கு மாறும்போதும் மிதிக்கும். வேறு எல்லா இடத்திலும் நின்ற உலகம் அந்த ஓர் இடத்தில் மட்டும் நின்றதில்லை.

கல்யாணப் போட்டோ முதற்கொண்டு குடும்பப் படம் எதை எடுத்தாலும் மாஸ்டரின் வலது கால் மட்டும் ஒரு சாண் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். “அது எங்க வீட்டுல தனி ஆளுங்க” என்பாள் மனைவி, விருந்தாளிகளிடம் ஆல்பத்தைக் காட்டும்போது. “அதுக்குத் தனியா ஒரு தட்டு வெக்கலாமான்னு பார்க்கறேன்.”

மாலையில் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி மாட்டும்போது மாஸ்டர் ஒரே ஒரு வாக்கியம் சொல்வார்:

“அப்பாடா. இன்னிக்கும் ஒண்ணும் ஆகலை.”

அதுதான் அவருக்குத் தெரிந்த சந்தோஷம். ஊரில் மற்றவர்களெல்லாம் பதவி உயர்வு வந்தது, பிள்ளை பாஸானது, புது வீடு அமைந்தது என்று நடந்த விஷயங்களுக்காகச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தார்கள். மாஸ்டர் நடக்காமல் போனவற்றுக்காகச் சந்தோஷப்படுவார். வங்கி மேனேஜரம்மா பேருந்தில் போய் முட்டவில்லை. கல்லூரி மாணவன் கால்வாய்க்குள் இறங்கவில்லை. இதைவிட ஒரு மனிதனுக்கு என்ன வேண்டும்?

மனைவிக்கு வேண்டியிருந்தது. “கூடவே இருக்கறவகிட்ட சொல்றதுக்கு ஒரு சேதி கிடையாதா உங்களுக்கு? காலைல போறீங்க, ஊரு பூரா சுத்தறீங்க, வந்தா ஒண்ணும் ஆகலைங்கறீங்க. ஒண்ணும் ஆகாம இருக்கறதுக்கு எதுக்கு வெளிய போகணும்? இங்கயே உக்காந்திருந்தாலும் ஒண்ணும் ஆகாதே.”

“நீ ரோட்டைப் பார்த்ததில்ல. அங்க ஒண்ணும் ஆகாம இருக்கறதே பெரிய விஷயம்.”

அவளோ நேர் எதிர். சோப்பு வாங்க முக்குக் கடைவரை போய்வந்தால் அரை மணி நேரத்துக்குச் சேதி இருக்கும். எதிர்வீட்டுக் குழந்தை இரண்டு ஷூவையும் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு, தானே போட்டுக்கொண்ட பெருமையில் வாத்து மாதிரி நடந்து போனது. கடைக்காரர் கல்லாவில் உட்கார்ந்தபடியே தூங்கி, தூக்கத்திலேயே “சில்லறை இல்லைம்மா” என்றார். இதையெல்லாம் அவள் நடித்தே காட்டுவாள். மாஸ்டர் “உம்” என்பார். கால் லேசாக மிதிக்கும்.

அப்படிப்பட்டவளுக்கு ஒருநாள் லைசென்ஸ் எடுக்கும் ஆசை வந்தது.

அவளுடைய அக்கா வீடு ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம். காரில் போனால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். பேருந்தில் போனால் மூன்று வண்டி மாற வேண்டும். போய்ச் சேர்வதற்குள் திரும்பும் வண்டி போய்விடும். ஆகவே போனால் தங்கித்தான் ஆக வேண்டும். தங்கினால் முதல்நாள் சிரிப்பு, இரண்டாம்நாள் பழைய கதை, மூன்றாம்நாள் அம்மாவின் வளையலை யார் எடுத்துக்கொண்டது என்ற சண்டை. இதற்குப் பயந்தே அக்காவும் தங்கையும் வருடத்துக்கு ஒருமுறை பார்ப்பதோடு நிறுத்தியிருந்தார்கள்.

“நெனச்சப்போ கிளம்பணும்” என்றாள் மனைவி. “போயி அக்கா கையால ஒரு டீ குடிக்கணும். கொஞ்சம் சிரிச்சுப் பேசணும். சண்டை வர்றதுக்குள்ள திரும்பி வந்துடணும். அவ்ளோதாங்க.”

“நான் கூட்டிட்டுப் போக மாட்டேனா?”

“நீங்க கூட்டிட்டுப் போனா, உள்ள வந்து உக்கார்றதுக்கு முன்னாடியே ‘கிளம்பலாமா’ம்பீங்க. இருட்டிட்டா ரோட்டுல மாடு நிக்கும்பீங்க.”

“ஒரு டீக்காகவா லைசென்ஸு?”

“டீக்காகத்தான். உங்ககிட்ட படிக்கறவங்க எல்லாம் என்ன, ராக்கெட் விடப் போறாங்களா?”

ஆக, ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பாடம் ஆரம்பமானது. மாஸ்டர் முதல்நாளே சட்டத்தைச் சொல்லிவிட்டார்: “வண்டிக்குள்ள பொண்டாட்டி கிடையாது. ஸ்டூடண்டுதான். புரியுதா?” அவளும் பணிவாக “சரிங்க மாஸ்டர்” என்றாள். அந்தப் பணிவைக் கண்டதும் மாஸ்டர் சீட் பெல்ட்டை இன்னொரு முறை இழுத்துப் பார்த்துக்கொண்டார்.

அவள் நன்றாகவே ஓட்டினாள். சிக்னலில் நின்றாள், வளைவில் நிதானித்தாள், வெள்ளைக் கோட்டில் அளவெடுத்த மாதிரி வண்டி நின்றது. மாஸ்டருக்கு ரொம்பத் திருப்தி. தேர்வுக்கு அனுப்பினார்.

தேர்வு, போக்குவரத்து அலுவலக மைதானத்தில், ஆய்வாளரின் வண்டியில். அந்த வண்டியில் ஒரே ஒரு பிரேக்தான். “அந்தக் கோட்டுல நிறுத்துங்கம்மா” என்றார் ஆய்வாளர். வண்டி கோட்டைத் தாண்டியது, கொடிக்கம்பத்தைத் தாண்டியது, மைதானத்து வேலியை மோந்து பார்த்துவிட்டு நின்றது.

“கோட்டுல நிறுத்தச் சொன்னேன்” என்றார் ஆய்வாளர், வியர்வையைத் துடைத்துக்கொண்டு. “நீங்க கோட்டைப் பார்த்துட்டு ஊருக்கே கிளம்பிட்டீங்க.”

“வழக்கமா நின்னுடுமே சார்” என்றாள் அவள், நிஜமான ஆச்சரியத்தோடு.

இரண்டாம் தடவையும் அதே கோடு, அதே வேலி. பதற்றம்தான் காரணம் என்று மாஸ்டர் ஆறுதல் சொன்னார். அவளும் நம்பினாள், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் வரும்வரை.

தலைமையாசிரியர் மாஸ்டரிடம் ஓட்டப் பழகியவர். லைசென்ஸை எப்படியோ ஒப்பேற்றி வாங்கி, சொந்தமாக ஒரு காரும் வாங்கியிருந்தார். அவர் ஒரு மத்தியான வேளையில் ஸ்கூலுக்கு வந்தபோது, மாஸ்டருக்குச் சாப்பாடு கொண்டுவந்த மனைவியும் அங்கே இருந்தாள்.

“மாஸ்டர், ஒரு சந்தேகம்” என்றார் அவர். “உங்க வண்டி மாதிரி எனக்கு ஒண்ணு கிடைக்குமா?”

“ஏன் சார், புது வண்டிக்கு என்ன?”

“நிக்க மாட்டேங்குது. உங்க வண்டி எவ்ளோ நல்ல வண்டி! மனசுல நிக்கணும்னு நெனச்சா போதும், தானா நின்னுடும். இது என்னடான்னா, என் சொல்லுக்கு அடங்கவே மாட்டேங்குது. மெக்கானிக்கிட்ட காட்டினேன். பிரேக் நல்லாத்தான் இருக்குங்கறான். எங்க வீட்டு கேட்டைப் பார்த்தீங்கன்னா அப்படிச் சொல்ல மாட்டீங்க.”

மாஸ்டர் சோற்றைப் பிசைந்துகொண்டே, “போகப் போகப் பழகிடும் சார்” என்றார்.

மனைவி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். தலைமையாசிரியர் போன பிறகு மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தாள். சாப்பாட்டுக்கு நடுவிலும் வலது கால் மெதுவாக, ஒரு தாளத்தோடு தரையை அழுத்திக்கொண்டிருந்தது.

“ஏங்க.”

“உம்.”

“கோட்டுல வண்டியை நிறுத்தினது யாரு?”

“எந்தக் கோட்டுல?”

“எல்லாக் கோட்டுலயும்.”

மாஸ்டர் அன்று முழுச் சாப்பாடு சாப்பிடவில்லை.

இதில் பரிதாபம் என்னவென்றால், அவர் ஏமாற்றவில்லை. அவருக்கே தெரியாது. கால் அவரைக் கேட்டு மிதிப்பதை எந்தக் காலத்திலோ விட்டுவிட்டது. அவரிடம் பழகியவர்கள் அத்தனை பேரும் தாங்களே நிறுத்தியதாக நினைத்து ஊருக்குள் போய்விட்டார்கள். அவர்களும் ஊரும் எப்படிப் பிழைத்தார்கள் என்பதை அவர் யோசித்துப் பார்த்தார். அதற்கும் கால் மிதித்தது.

மனைவி தீர்மானமாகச் சொன்னாள்: “இன்னும் ஒரே தடவை. அடுத்த டெஸ்டுலயும் கோட்டைத் தாண்டினேன்னா, நான் மின்னல்ல சேர்ந்துடுவேன்.”

மாஸ்டரின் முகம் வெளுத்தது. மின்னல் என்பது அடுத்த தெரு டிரைவிங் ஸ்கூல். நடத்துபவன் மாஸ்டரிடமே ஓட்டப் பழகியவன். மஞ்சள் நிறத்தில் கார். ‘ஒரே தடவையில் லைசென்ஸ்’ என்று போர்டு. அந்த மஞ்சள் கார் தன் ஸ்கூல் வாசலை மெதுவாகக் கடந்து போவதையும், உள்ளே தன் மனைவி உட்கார்ந்திருப்பதையும் மாஸ்டர் நினைத்துப் பார்த்தார். கையாட்டுவாள். நிச்சயம் கையாட்டுவாள்.

“இனிமே மிதிக்க மாட்டேன்” என்றார். “சத்தியமா.”

சத்தியம் வாய் செய்தது. காலுக்கு அதில் சம்பந்தமில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை தெருமுனை வருவதற்குள் மிதித்துவிட்டார். “மிதிச்சீங்க” என்றாள். “இல்லையே” என்றார். செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து பார்த்தார்; வெறுங்காலால் மிதித்தார். இருக்கையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பார்த்தார். ஒரு கோழி குறுக்கே வந்ததும் முடிச்சு தானே அவிழ்ந்து முழங்கால் டேஷ்போர்டில் இடித்தது. கோழி நிதானமாகப் போய்ச் சேர்ந்தது. வாரம் பூரா மாஸ்டர்தான் நொண்டினார்.

தேர்வுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை. காலையில் காப்பிக் கோப்பையோடு சோபாவில் உட்கார்ந்த மாஸ்டர் அப்படியே ஒரு பக்கமாகச் சரிந்தார்.

“என்ன இது, சோபா சாயுது?”

“பழசாயிடுச்சில்ல” என்றாள் மனைவி சமையலறையிலிருந்து. “நாமளும்தான் சாயறோம். கிளம்புங்க, நேரமாகுது.”

ஸ்கூலுக்குப் பின்னால் இருக்கும் பட்டறையில் வண்டியைக் கழுவி நிறுத்தியிருந்தான் மெக்கானிக். “நல்லா ஓட்டுங்க அண்ணி” என்றான். வழக்கமாக ஞாயிற்றுக்கிழமை அந்த நேரத்துக்குக் கொட்டாவி விடுகிறவன் முகத்தில் அன்று ஒரு பக்தி தெரிந்தது. மாஸ்டர் அதைக் கவனிக்கவில்லை.

அன்று போல ஒரு பாடம் அதற்குமுன் நடந்ததில்லை. சிக்னல் வந்தது, மாஸ்டர் மிதித்தார், வண்டி நின்றது. பள்ளி வளைவில் சைக்கிள்காரர் ஒருவர் எந்தப் பக்கம் திரும்புவது என்று தனக்கே தெரியாமல் திரும்பினார், மாஸ்டர் மிதித்தார், வண்டி நின்றது. சந்தைத் தெருவில் காய்கறி வண்டி ஒன்று பின்பக்கமாகவே வந்தது. மாஸ்டர் இரண்டு காலாலும் மிதித்தார். வண்டி பூப்போல நின்றது. ஒவ்வொரு மிதிக்கும் காலடியில் கிரீச் என்று ஒரு சத்தம். எண்ணெய் போடச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

சத்தியத்தைப் பற்றி அவள் அன்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுவே அவருக்குத் தைரியம் கொடுத்தது. பட்டறைக்குத் திரும்பியதும் இறங்கி நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: “கோவிச்சுக்காதே. நான் கொஞ்சம் மிதிச்சேன்.”

“அப்படியா மாஸ்டர்?”

“சைக்கிள்ல வந்தான் பாரு, அந்த எடத்துல நான் மட்டும் மிதிக்கலைன்னா என்ன ஆகியிருக்கும்? அந்தக் காய்கறி வண்டி? தக்காளி மொத்தமும் நம்ம கண்ணாடி மேலதான். சொல்லு, மிதிச்சது தப்பா?”

மெக்கானிக் ஒரு டயருக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டான். அவன் முதுகு குலுங்கியது.

மனைவி தன் கைப்பையைத் திறந்து, பழைய துணியில் சுற்றிய ஒரு இரும்புக் கம்பியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். இரண்டு பக்கமும் வளையம் வைத்த கம்பி. மாஸ்டர் அதை அடையாளம் கண்டுகொண்டார். அவர் பக்கத்துப் பிரேக்கை அவள் பக்கத்துப் பிரேக்கோடு சேர்க்கும் இணைப்புக் கம்பி அது. அது இல்லாவிட்டால் இங்கே எவ்வளவு மிதித்தாலும் அங்கே ஒன்றும் ஆகாது.

“இது... எப்போ...”

“காலைலயே கழட்டியாச்சு மாஸ்டர்” என்றான் டயருக்குப் பின்னாலிருந்து மெக்கானிக். “நான் மாட்டேன்னுதான் சொன்னேன். அண்ணி விடலை. சும்மா தொங்கினா உங்க காலுக்குத் தெரிஞ்சுடும்னு, அடியில ஒரு ஸ்பிரிங் வேற வெக்கச் சொன்னாங்க.”

“ஸ்பிரிங்கா? ஏது ஸ்பிரிங்?”

“சோபாவுது” என்றாள் மனைவி.

மாஸ்டர் கத்தினார். நன்றாகவே கத்தினார். “கொலைகாரங்களா! நடுரோட்டுல பிரேக் இல்லாம என்னை உக்கார வெச்சு...”

“பிரேக் இருந்துச்சுங்க. என் காலுக்கு அடியில.”

“அந்த சைக்கிள்காரன்!”

“நின்னுச்சில்ல?”

“காய்கறி வண்டி!”

“அதுவும் நின்னுச்சு. நீங்க சோபாவை மிதிச்சுட்டிருந்தீங்க.”

மாஸ்டர் வண்டிக்குள் ஏறி, கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார். மிதித்தார். கிரீச். இன்னொரு முறை மிதித்தார். கிரீச். வீட்டில் உட்கார்ந்து எழும்போது கேட்கும் அதே சத்தம். அன்று காலை ஊர் பூரா தான் காப்பாற்றியதாக நினைத்த அத்தனை பேரையும் ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதில் அவர் பங்கும் ஒன்றும் இல்லை. கோபப்பட வேண்டிய இடம்தான். ஆனால் முதுகிலிருந்து மூட்டை ஒன்றை யாரோ சொல்லாமல் இறக்கி வைத்துவிட்டுப் போன மாதிரி இருந்தது. இறங்கி வந்தபோது முகத்தை முறைப்பாகவே வைத்துக்கொண்டார். மாஸ்டர் என்றால் ஒரு மரியாதை வேண்டாமா?

“ரெண்டாவது கியருல இருந்து மூணுக்குப் போறப்போ கொஞ்சம் இழுக்கற” என்றார். “அதைச் சரி பண்ணு.”

தேர்வன்று அவர் மைதானத்து வேலிக்கு வெளியே நின்றார். ஆய்வாளரின் வண்டி உள்ளே கிளம்பியதும் வலது கால் ஜல்லியை மிதிக்க ஆரம்பித்தது. வண்டி வளைந்தது, மிதித்தார். பின்னால் வந்தது; மிதித்தார். பக்கத்தில் நின்ற ஒருவர், “என்ன சார், ஏதாவது கீழே போட்டுட்டீங்களா? குழி தோண்டறீங்க?” என்று கேட்டார். வண்டி கோட்டை நோக்கி வந்தது. மாஸ்டர் காலைத் தூக்கினார். தூக்கிய கால் அந்தரத்தில் நின்றது. கீழே வைக்கவில்லை. கொக்கு மாதிரி நின்றபடியே பார்த்தார்.

வண்டி கோட்டில் நின்றது. வேலிக்கு அன்று வேலையில்லை.

ஆய்வாளர் இறங்கி, கோட்டையும் டயரையும் குனிந்து பார்த்தார். “என்னம்மா, இன்னிக்கு ஊருக்குப் போகலையா?”

“நாளைக்குப் போறேன் சார்” என்றாள் அவள். “அக்கா வீட்டுக்கு.”

மறுநாள் ஸ்கூலுக்கு விடுமுறை. பட்டறையில் மாஸ்டர் இணைப்புக் கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு, “எதுக்கும் ஒரு பாதுகாப்புக்கு...” என்று ஆரம்பித்தார். மனைவி ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து கண்ணாடியைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

“மாஸ்டரும் வீட்டுக்காரரும் ரெண்டு பேரும் ஏற முடியாதுங்க. ஒருத்தர்தான். யாரு வர்றீங்க?”

மாஸ்டர் கம்பியை மெக்கானிக்கிடம் கொடுத்துவிட்டு ஏறினார். ஏறியதும் மெக்கானிக் ஒரு பெரிய பூந்தொட்டியைக் கொண்டுவந்து அவர் காலடியில், சரியாக அந்தப் பிரேக்கின் மேல் சாய்த்து வைத்தான்.

“அக்காவுக்கு” என்றாள் மனைவி. “ஆசையா கேட்டா. ரெண்டு காலாலயும் அணைச்சுப் பிடிச்சுக்கங்க. மிதிச்சீங்கன்னா தொட்டி உடையும். உடைஞ்சா அக்கா கேப்பா, நீங்கதான் பதில் சொல்லணும்.”

செடி தோள் உயரம் வளர்ந்திருந்தது. இலைகள் அவர் மூக்குக்கு நேரே விரிந்து அவர் பக்கத்து முன்கண்ணாடியை முழுக்க மறைத்தன. சாலை தெரியவில்லை. வேகமானி தெரியவில்லை. காலை அசைக்க வழியில்லை. வண்டி கிளம்பியது. மாஸ்டருக்குப் பார்ப்பதற்கு மிச்சம் இருந்தது பக்கத்து ஜன்னல் மட்டும்தான்.

இத்தனை வருடத்தில் அவர் பக்கவாட்டில் பார்த்ததே இல்லை. ஊர் அவருக்கு முன்பக்கத்திலிருந்து மோத வருகிற ஒன்று. பக்கத்திலிருந்து பார்த்தால் அது மோத வரவில்லை. அதுபாட்டுக்கு எதையோ செய்துகொண்டிருந்தது.

முடிதிருத்தும் கடையில் ஆளில்லை. கடைக்காரர் தன் கழுத்தில் தானே துண்டைக் கட்டிக்கொண்டு, வாடிக்கையாளர் நாற்காலியில் கால்நீட்டி, கண்ணாடியில் தன்னையே ராஜபார்வை பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் நின்ற ஸ்கூட்டரின் இருக்கையில் ஒரு நாய் நான்கு காலையும் தொங்கப்போட்டுத் தூங்கியது. அதன் சொந்தக்காரர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, எழுப்ப மனசில்லாமல் பக்கத்தில் நின்றிருந்தார்.

“ஏய், அந்த நீல வீடு எப்போ வந்துச்சு?”

“ரொம்ப வருஷமா அங்கதான் இருக்கு. நீங்கதான் இப்ப வந்திருக்கீங்க.”

தையல் கடையில் தையல்காரர் யாருக்கோ தைத்த கல்யாணக் கோட்டு ஒன்றைத் தான் போட்டுக்கொண்டு, கதவைப் பாதி சாத்திவிட்டு, ஆடிப் பார்த்துக்கொண்டிருந்தார். சிக்னலில் நின்றார்கள். அங்கே எப்போதும் நிற்கும் போக்குவரத்துக் காவலர். மாஸ்டர் அவரை அறிவார். அதாவது அவருடைய நீட்டிய கையையும் மீசையையும் அறிவார். இன்றுதான் பக்கவாட்டிலிருந்து பார்க்கிறார். ஒரு கை ஊரை நிறுத்திக்கொண்டிருந்தது. முதுகுக்குப் பின்னால் இருந்த இன்னொரு கையில் பாதி தின்ற குச்சி ஐஸ், உருகி விரலில் ஒழுகிக்கொண்டிருந்தது. முன்பக்கம் சட்டம் முறைத்தது. பின்பக்கம் ஆரஞ்சு நிறத்தில் சொட்டியது. பச்சை விளக்கு விழுந்ததும் காவலர் சட்டென்று திரும்பி ஒரு கடி கடித்தார். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த மாஸ்டரின் கண்ணும் அவர் கண்ணும் சந்தித்தன. காவலர் கடித்தது வாயில் இருக்க, விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார்.

மாஸ்டர் வாய்விட்டுச் சிரித்தார். இலை ஒன்று வாய்க்குள் போனது.

பாலத்தில் ஏறும் இடத்தில் முன்னால் ஏதோ குறுக்கே வந்திருக்க வேண்டும். மனைவி சட்டென்று பிரேக் பிடித்தாள். கால் துடித்தது, தொட்டி தடுத்தது, செடி முழுக்க முகத்தில் வந்து அப்பியது. இரண்டு தும்மல் போட்டார்.

“நின்னுச்சா?” என்று கேட்டாள் அவள், கண்ணைச் சாலையிலிருந்து எடுக்காமல்.

“நின்னுச்சு” என்றார் மாஸ்டர், செடிக்குள்ளிருந்து. “என்ன வந்துச்சு?”

“கோழி.”

“போயிடுச்சா?”

“போயிடுச்சு. நீங்க ஆத்தைப் பாருங்க.”

பார்த்தார். தண்ணீரில் யாரோ ஒருவர் எருமையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். எருமையும் தன் பங்குக்கு வாலால் அவரைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தது.

அக்கா வீட்டு வாசலில் வண்டி நின்றதும், அக்காவும் அவள் கணவரும் ஓடிவந்தார்கள். மாஸ்டரின் சகலையான அந்த மனிதருக்கு மாஸ்டரின் வழக்கமான பதில் நன்றாகத் தெரியும். அதை எதிர்பார்த்தே கேட்டார்: “என்ன சகலை, வழியில ஒண்ணும் ஆகலையே?”

“நெறைய ஆச்சு சகலை!” என்றார் மாஸ்டர்.

அக்கா நெஞ்சில் கைவைத்துக்கொண்டாள். மாஸ்டர் தொட்டியை அணைத்தபடியே இறங்கினார். முற்றத்தில் உட்கார்ந்தார். சொல்ல ஆரம்பித்தார். நாய்க்காக ஒரு பக்கம் தலையைத் தொங்கவிட்டுக் காட்டினார். தையல்காரருக்காக எழுந்து இரண்டு அடி ஆடினார். காவலர் வந்தபோது ஒரு கையை நீட்டி, இன்னொரு கையை முதுகுக்குப் பின்னால் மறைத்து, விரலிலிருந்து சொட்டுவதை நக்கிக் காட்டினார். சகலை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். டீ வந்தது. ஆறியது. அக்கா அதை எடுத்துப்போய்ச் சூடாக்கிக்கொண்டு வந்தாள். அதுவும் ஆறியது. “கிளம்பலாமா” என்று யாரும் கேட்கவில்லை.

அக்கா தங்கையைச் சமையலறைக்குள் இழுத்துப்போய்க் குரலைத் தாழ்த்தினாள்.

“என்னடி ஆச்சு இவருக்கு?”

மனைவி தன் டீயைச் சூடாக, கடைசிச் சொட்டு வரை, நிதானமாகக் குடித்து முடித்தாள்.

“ஒண்ணும் ஆகலைக்கா” என்றாள். “ஜன்னல் பக்கம் உக்காந்து வந்தாரு.”